வாசல் எப்போதும் திறந்திருக்கும்

டொலிடோ, ஒஹாயோ
ஜனவரி 14, 2019

தங்கை ஓஸெல்லாவுக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக்கூடாது. நான். என் வீட்டுக்காரர் ரூஃபஸ், முன்னறைக் கட்டிலில், மூக்கில் குழாயோடு. எதிர்வீட்டு எஸ்டெல், பனி தள்ளும் மண்வெட்டியோடு. அவள் மருமகன் கார்னெல், காரைவிட்டு இறங்காமல். தபால்காரப் பெண். அப்புறம் கம்பெனிச் சட்டை போட்ட அந்த ஆள். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. முகத்தை மறக்க மாட்டேன்.

அவன் எங்கள் கதவில் ஒரு தாளை ஒட்டினான். மூன்று நாளில் வீட்டைக் காலி செய், இல்லாவிட்டால் கோர்ட் என்று போட்டிருந்தது.

"ஏம்பா, தட்டிக் கையில குடுக்கக்கூடாதா?" என்றேன்.

"ஒட்டணும்னுதான் சொல்லியிருக்காங்க, மேடம்."

"உங்கம்மா வீட்டுக் கதவுல இப்படி ஒட்டுவியா?"

"எங்கம்மா வாடகை குடுத்துடறாங்க, மேடம்."

எஸ்டெல் தலையைத் தூக்கவில்லை. தள்ளி முடித்த இடத்தையே திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரியும், இலையுதிர் காலத்தில் ரூஃபஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த மூச்சு மிஷின் ராத்திரி பகலாக ஓடுகிறது. கரண்ட்டும் மருந்தும் போக வாடகைக்கு மிச்சமில்லை. கிழவர் கோவால்சிக் இருந்தவரை அவரே வந்து வாடகை வாங்குவார். காப்பி குடிப்பார். கஷ்டம் என்றால் "அடுத்த மாசம் பாத்துக்கலாம் வெர்லீன்" என்பார். அவர் போனதும் மகன் எங்கள் பக்கம், எதிர்ப்பக்கம் எல்லா வீட்டையும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டான். அந்தக் கம்பெனிக்கு முகம் கிடையாது.

மூச்சு மிஷினுக்குச் சுவரில் கரண்ட் வேண்டும், ஓஸெல்லா. தெருவில் சுவர் ஏது? எனக்கு பயமாக இருக்கிறது. ரூஃபஸிடம் சொல்லவில்லை.

போனில் கத்தினால் உன்னைத் தவிர இந்தத் தெரு முழுக்கக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். உன் காதும் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

அக்கா வெர்லீன்

---

ஹார்லோ, மிசிசிப்பி
ஜனவரி 25

அன்பு அக்கா,

கர்த்தர் கிருபையால் நான் நலமாக இருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

இங்கே குளிர் அவ்வளவாக இல்லை. காது முன்னைவிட மந்தம். புதன்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி நடந்தால் சுவர் அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பீக்கன் கொட்டை இந்த வருஷம் குறைவு. கொஞ்சம் உடைத்து அனுப்பியிருக்கிறேன். அத்தானுக்குப் பொடியாக நறுக்கிக் கொடு, விக்கிக்கொள்ளப் போகிறார்.

தைரியமாக இரு. எதுவானாலும் உனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். அம்மா கட்டிக் காத்த வீடு இருக்கிறது. இங்கே வாசல் உனக்கு எப்போதும் திறந்திருக்கும்.

உன் ஓஸெல்லா

---

டொலிடோ
பிப்ரவரி 6

தங்கைக்கு,

ரூஃபஸ் கொட்டையைச் சாப்பிட்டுவிட்டு உன் கையை வாழ்த்தினார். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறித்தான் இருக்கிறது. கோர்ட்டில் இருந்து தாள் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் விசாரணை.

உதவி தேடி நான் ஏறி இறங்காத படி இல்லை. ஒரு உதவி எண் இருக்கிறது. கூப்பிட்டால் பாட்டுப் போடுகிறார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்து வேறொரு எண் தருகிறாள், அங்கேயும் அதே பாட்டு. எங்கள் சபை நிதியைக் கேட்கப் போனேன். டீக்கன் பர்விஸ், 1974-ல் என் புதுத் தொப்பிமேல் உட்கார்ந்தாரே அதே பர்விஸ், "சிஸ்டர், கோவிலைச் சூடாக்கற கொதிகலன் ரிப்பேருக்கே எல்லாம் போயிடுச்சு" என்றார். உள்ளே வேர்த்துக்கொட்டும் அளவுக்குச் சூடாக இருந்தது. அதை நம்பித்தான் ஆகவேண்டும்.

தங்குமிடம் ஒன்றுக்கும் போன் போட்டேன்.

"ஆம்பளைங்களுக்குத் தனி இடம், பொம்பளைங்களுக்குத் தனி இடம், மேடம். காலைல எல்லாரும் வெளிய போயிடணும். சாயங்காலம் வரிசைல நின்னாத்தான் மறுபடி கட்டில்."

"எங்க வீட்டுக்காரரு மிஷின்ல மூச்சு விடறாரு. பகல்ல அதை எங்க சொருகறது?"

"விசாரிச்சுச் சொல்றேன் மேடம்" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

கடைசியில் வீடு பறிபோகாமல் தடுக்கிற ஆபீஸ் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மாரிசோல் என்று ஒரு பெண், விரலுக்கு ஒரு நிறத்தில் நகப்பூச்சு. நல்ல பெண். பாக்கி வாடகையை அவர்களே கம்பெனிக்குக் கட்டிவிடுவார்களாம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டாள்:

"மிஸ் வெர்லீன், வீடு போயிட்டா போறதுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

நான் என்ன சொல்ல? அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்தது உனக்கு மறக்கவில்லை அல்லவா? நம் ரத்தம் நம்மைச் சேர்க்காது என்று அந்நியர் முன்னால் வாயைத் திறக்கக்கூடாது. பைக்குள்ளிருந்து உன் கடிதத்தை எடுத்து, கடைசி வரியை வேதவசனம் மாதிரி உரக்கப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரிசோல் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"போக்கிடமே இல்லாதவங்களுக்குத்தான் இந்த உதவி, மிஸ் வெர்லீன். உங்களுக்கு ஒரு வீடு திறந்திருக்கே."

"அது மரியாதைக்கு எழுதறது, கண்ணு. எங்க ஊர்ல எல்லாரும் எழுதுவாங்க."

"நான் நம்பறேன். ஆனா என் மேலதிகாரி காகிதத்தைத்தான் நம்புவாங்க. உங்களை வச்சுக்க முடியாதுன்னு உங்க தங்கச்சியே எழுதிக் குடுக்கட்டும், உங்க மனுவை மறுபடி கையில எடுக்கறேன்."

ஆகவே உடனே எழுது. உன் வீட்டில் எங்களுக்கு இடமில்லை, இன்ன காரணத்தால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. கூரை ஒழுகுகிறது என்று போடு, மெத்தையில் பூச்சி என்று போடு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அக்கா

---

டொலிடோ
பிப்ரவரி 18

ஓஸெல்லா,

சுகமா என்று கேட்கிறேன், ஏனென்றால் பதில் காணோம். தபால்காரப் பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறாள். உடம்புக்கு முடியாமல் கிடக்கிறாயோ என்று ஒரு பக்கம் பயம். கோர்ட் நாள் நெருங்குகிறதே என்று இன்னொரு பக்கம். நேற்று ஒரு லாரி எங்கள் தெருவில் மெதுவாகப் போனது, எங்கள் சாமானை வெளியே போட வந்துவிட்டார்கள் என்று நான் கையிலிருந்த கிண்ணத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். குப்பை லாரிதான்.

நான்கு வரி போதும். எழுது.

அக்கா

---

ஹார்லோ
பிப்ரவரி 20

அன்பு அக்கா,

கர்த்தர் கிருபையால் நான் நலமாக இருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். விரல் வலி.

நீ கேட்டதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை. "என் கூடப்பிறந்தவளுக்கு என் வீட்டில் இடமில்லை" என்று என் கையெழுத்தில் ஒரு காகிதம் அரசாங்க அலமாரியில் கிடப்பதா? அம்மா கல்லறையில் புரண்டு படுப்பாள். நீ கேட்கலாம், நான் எழுதக்கூடாது.

வேறு வழி இருக்கும். அந்தப் பெண்ணிடம் பணிவாகப் பேசிப் பார். உன் பேச்சு சில சமயம் முள்ளாக இருக்கும், நான் தங்கச்சி என்பதால் சொல்கிறேன். அத்தானுக்கு நெஞ்சில் கற்பூரத் தைலம் தடவு.

வாசல் எப்போதும் திறந்திருக்கும்.

உன் ஓஸெல்லா

---

டொலிடோ
மார்ச் 1

ஓஸெல்லா,

என் பேச்சு முள். சரி. 1958-ல் என் ஈஸ்டர் காலணியைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போய்ச் சேற்றில் விட்டுவந்தவள் சொல்கிறாள்.

கோர்ட்டுக்குப் போனேன். ரூஃபஸை எஸ்டெல் பார்த்துக்கொண்டாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தாழ்வாரத்தில் ஜனம் ரொட்டிக்கு நிற்கிற மாதிரி நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், வேலை உடுப்போடு வந்தவர்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அங்கேயே தீர்ப்பு. ஒரு பெயரைக் கூப்பிட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த பெயர். அந்த இல்லாதவர்களுக்கெல்லாம் வீடு போயே போய்விட்டது. கழிப்பறைக்குப் போனவர்கள்கூட இருந்திருப்பார்கள்.

இலவச வக்கீல் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். உதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம் என்று சொல்லி மார்ச் 22 வரை தவணை வாங்கிக்கொடுத்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "அதுக்குள்ள உங்க தங்கச்சி கடிதம் வரணும், மேடம். அடுத்த தடவை நீதிபதி கேக்க மாட்டார்."

நீ எழுத மாட்டாய். ஆகவே ராத்திரி ரூஃபஸும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். நாங்கள் அங்கே வருகிறோம். பஸ்ஸில் அவருக்கு எடுத்துப்போகிற சிலிண்டர் தருவார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன். நீ மூன்று விஷயம் எழுது. எந்த அறை எங்களுக்கு? கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் கரண்ட் இருக்கிறதா? வாசற்படி எத்தனை, ரூஃபஸால் ஏற முடியுமா? அம்மா காலத்தில் நான்கு படி, கைப்பிடி கிடையாது.

திறந்திருக்கும் என்றாயே. வருகிறோம்.

வெர்லீன்

---

(அஞ்சலட்டை)
ஹார்லோ
மார்ச் 9

அக்கா, வரவேண்டாம். தயவு செய்து டிக்கெட் எடுக்காதே. — ஓ.

---

டொலிடோ
மார்ச் 13

ஓஸெல்லா மே பிக்கெட்,

சுகம் விசாரிக்க மாட்டேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதக்கூட உனக்கு இந்தத் தடவை மனமில்லை.

அட்டையை மாரிசோலிடம் காட்டினேன். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "காரணம் இல்லையே, மிஸ் வெர்லீன். வரவேண்டாம்னா சண்டையா, சங்கடமான்னு கேப்பாங்க." சண்டைதான் என்றேன். சண்டையெல்லாம் கணக்கில் வராதாம்.

நேற்று ரூஃபஸ் ஒரு காரியம் செய்தார். நான் சமையலறையில் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மிஷினின் இரைச்சல் நின்றுவிட்டது. அந்த இரைச்சல் நிற்பதைப் போல ஒரு பயங்கரம் உலகத்தில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், அவரே நிறுத்திவிட்டுக் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம்.

"என்ன பண்றீங்க?"

"பழகிப் பாக்கறேன்."

"எதை?"

"இது இல்லாம எவ்வளவு நேரம் தாங்கும்னு. பகல்ல வெளிய நிக்கணுமில்ல."

மிஷினைப் போட்டேன். திட்டவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், ரொட்டி கருகிவிட்டது.

அந்தத் தங்குமிட விஷயம், என் பயம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தை எழுது. என்னைப் பிடிக்கவில்லை என்றால் அதை எழுது. எதையாவது எழுது.

வெர்லீன்

---

ஹார்லோ
மார்ச் 18

அக்கா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வழக்கமான முதல் வரியைப் போட முடியாது.

அம்மா வீடு இல்லை. போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்டிலேயே போய்விட்டது. வரிப் பாக்கி. ஏலம் போட்டார்கள். தாள் வந்தபோது தலைகால் புரியவில்லை, அலமாரியில் செருகி வைத்தேன். அடுத்த தாளையும் அங்கேயே வைத்தேன். உன்னிடம் சொல்ல வெட்கம். மூத்தவள் வடக்கே போய்ச் சம்பாதித்தாள், இளையவள் வீட்டைக் காத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லும். நான் காக்கவில்லை.

வாங்கியவன் பூட்டை மாற்றிய அன்று நான் சலவைக்கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி அதற்குள் படுத்தேன். மூன்று வாரம். காது கேட்காததால் யாராவது பக்கத்தில் வந்தாலும் தெரியாது. அதனால் கண்ணை மூட மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகரின் மனைவி லோரெய்ன் என் ஆடை கசங்கியிருப்பதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கோவிலுக்குப் பின்னால் பாடகர் அங்கிகள் தொங்கும் அறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். புதன்கிழமை அதிர்வது அந்தச் சுவர்தான். பழைய முகவரிக்கு வரும் உன் கடிதங்களைத் தபால்காரர் லூத்தர் இங்கே கொண்டுவந்து தருகிறார், யாரிடமும் சொல்வதில்லை.

உனக்குத் திறந்து வைக்க எனக்கு வாசலே இல்லை, அக்கா. இருக்கிற ஒரு கதவுக்கும் சாவி லோரெய்னிடம்.

நீ கேட்ட தாளைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். லோரெய்னும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சீக்கிரம் போய்ச்சேரட்டும்.

ஓஸெல்லா

---

டொலிடோ
ஏப்ரல் 5

தங்கை ஓஸெல்லாவுக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு மறுநாள் வந்தது. நீதிபதி அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். புதன்கிழமை காலை ஆட்கள் வருவார்கள், சாமான்களை வெளியே வைப்பார்கள் என்று கதவில் சிவப்புத் தாள் ஏறிவிட்டது.

கடிதத்தைப் பிரித்தது அந்தச் சிவப்புத் தாளுக்கு முன்னால் நின்றபடி. முழுதும் படிக்கவில்லை. தாளை மட்டும் உருவிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு ஆபீஸ் விடுமுறை. திங்கட்கிழமை கதவு திறக்குமுன் வாசலில் நின்றேன். மாரிசோல் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் போனில் பேசியது ஒரு பேச்சு. "தீர்ப்பு ஆனா என்ன சார், உங்களுக்கு வேண்டியது வாடகைதானே? நாங்க கட்டறோம். கெழவரை வெளிய போட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?" கம்பெனி யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வக்கீல் போன் செய்து, ஒத்துக்கொண்டார்கள், காகிதம் பிறகு வரும் என்றார்.

காகிதத்தைப் பார்க்காமல் நான் நம்புவேனா? புதன்கிழமை காலை ரூஃபஸுக்குக் கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுவிட்டேன். சிலிண்டர் காலடியில். இரண்டு பேரும் முன்னறையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். லாரி வந்தது. எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்றது. ரூஃபஸ் என் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனது.

ஆட்கள் இறங்கி எதிர்ப்பக்கம் போனார்கள். எஸ்டெல் வீட்டுக்கு.

அவள் கதவிலும் ஜனவரியில் அன்றைக்கே அந்தக் கம்பெனி ஆள் அதே தாளை ஒட்டியிருக்கிறான். எங்களுக்கு முன்னாலேயே. வந்த தாளையெல்லாம் அவள் உடனே கிழித்து மறைத்துவிட்டாள், யாருக்கும் சொல்லவில்லை, என்னிடமும். அதுதான் தலையைத் தூக்காமல் பனி தள்ளினாள். என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட அன்றும் சொல்லவில்லை. அவள் சோபாவும் பேரன் சைக்கிளும் பனிமேல் கிடந்தன. போய் அவள் தோளில் என் கோட்டைப் போட்டேன். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றேன். "உனக்கே அவ்வளவு கஷ்டம் இருக்கறப்ப நான் வேறயா?" என்றாள். கார்னெல் அவளைத் தன் சின்ன வீட்டுக்குக் கூட்டிப்போனான். போகுமுன் மாரிசோலின் எண்ணை அவள் கைப்பையில் நானே வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, கோட்டு இல்லாமல், உன் கடிதத்தை முழுதும் படித்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எங்கள் தையல் அறையை ரூஃபஸ் உட்கார்ந்தபடியே ஒழித்துத் தந்தார், நான் தூக்கினேன். கட்டில் விரித்தாயிற்று. வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரைச் சேர்க்க என்ன செய்யவேண்டும் என்று மாரிசோலிடம் கேட்டுவிட்டேன், முறையாகச் செய்கிறோம், ஒருவரும் வந்து எதுவும் ஒட்ட முடியாது. கதவுக்கு உள்பக்கம் தாழ் இருக்கிறது. நீ கண்ணை மூடித் தூங்கலாம். வாசல் திறந்திருக்கும் என்று நான் எழுத மாட்டேன். ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை மதியம் பஸ் நிலையத்தில் நிற்பேன், கையில் சாவியோடு. வராமல் இருந்தால் நானே அங்கே வந்து அந்த அங்கிகளுக்கு நடுவிலிருந்து உன்னை இழுத்துவருவேன்.

என் மனதில் கிடக்கும் பழைய கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். டீக்கன் பர்விஸ் தொப்பிக்காக மன்னிக்கப்பட்டார், கொதிகலனைப் பிறகு பார்க்கலாம். கதவில் ஒட்டியவனை மன்னித்தேன், அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள், வாடகை கட்டுகிறாள். எஸ்டெலை மன்னிக்க ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அம்மா வீட்டுக்காகவும் உன்மேல் கோபம் இல்லை, அது வெறும் பலகையும் ஆணியும். தாள் தாமதமானதையும் விட்டுவிட்டேன்.

உனக்குச் சோறு போடுவேன். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பேன். உன் காதுக்குள் கத்தியே என் தொண்டை போகட்டும். ஆனால் ஒருத்தியை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். சலவைக்கடைக்குப் பின்னால், காருக்குள், கண்ணை மூடப் பயந்து உட்கார்ந்துகொண்டு, கர்த்தர் கிருபையால் நான் நலமாக இருக்கிறேன் என்று தன் அக்காவுக்குக் கடிதம் எழுதினாளே, அவளை. அந்த ஆகஸ்ட் மாதத்துக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டேன். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவள் ஓஸெல்லா மே பிக்கெட்.